கண்ணாடியில் தெரிந்த முகம்

கனடாவில் மகன் வீட்டில் இருந்த ஆறு மாதத்தைப் பற்றி நான் ஓர் ஆட்டோக்காரரிடம் பொய் சொன்னேன். முழங்கால் வைத்தியத்துக்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவர்தான் என்னை அழைத்துப் போவார். கனத்த உடம்பு, நரைத்த மீசை. நான் ஏறியதும் முன்கண்ணாடியை என் முகம் தெரியும்படி திருப்பிக்கொண்டு, “அங்கன எப்படி சார்?” என்பார்.

தூசியே கிடையாது, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பக்கத்து வீட்டார் சொந்தம்போலப் பழகுவார்கள் என்று அளப்பேன். தூசியும் தண்ணீரும் உண்மை. ஆனால் அங்கே பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தே கிடந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒருநாள், உள்ளூரில் நர்ஸாக இருக்கும் தன் ஒரே மகளைக் கனடாவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். “நீங்க சொன்ன தைரியந்தான் சார்.”

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி உண்மையைச் சொன்னேன். “ஒத்தையில கெடந்து தவிச்சுப்போகும்யா பிள்ள.”

கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். “அம்புட்டுக் கஷ்டம்னா, ஒங்க மகனத் திரும்பி வரச் சொன்னீகளா சார்?”

நான் சொன்னதில்லை.

மகள் போய்விட்டாள். இப்போதும் அவருடைய ஆட்டோவில்தான் போகிறேன். கண்ணாடியை அவர் திருப்புவதில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.