ஜாக்கி மேல் நின்ற வீட்டில் கன்னியம்மா பால் காய்ச்சினார்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கடைத்தெருவுக்கு வந்து பாருங்கள். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வயது என்று யாரையும் கேட்க வேண்டாம். பள்ளத்தில் இருந்தால் பழையது, மேட்டில் இருந்தால் புதியது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை வளர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் படியேறிப் போன கன்னியம்மாவின் இட்லிக் கடைக்குள் போன வருடம் வரை நாங்கள் குனிந்து இறங்கினோம். மழைநாளில் எங்களுக்கு முன்பே தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கும்.

கன்னியம்மாவின் பெற்றோர் இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட் கம்பெனி வேலைக்குப் போனார். கம்பெனி மூடியதும் இந்த வீட்டை வாங்கி, முன்னறையில் அடுப்பு மூட்டினார். மரத்தூண், தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. எவ்வளவு அழகான வீடு தெரியுமா! இரண்டு பக்கமும் கண்ணாடி முகப்பு வைத்த மாடிகள் எழும்பிய பிறகு, மகன் அருளுக்கும் அந்த ஆசை வந்தது.

"எம்மா, பில்டராண்ட குட்த்துடலாம். இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

"தூக்கப் போறேன்டா."

"ஊட்டயா? இன்னா, கேஸ் சிலிண்டரா அது?"

ஊரில் பலர் செய்வதுதான். சுவருக்கு அடியில் தோண்டி ஜாக்கிகளை வரிசையாக வைத்து, வீட்டையே உயர்த்திவிட்டு, இடைவெளியில் செங்கல் கட்டுவார்கள். அருள் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்: சுவர் பிளந்தாலோ வீடு கோணினாலோ, மறுபேச்சில்லாமல் பில்டரிடம் கையெழுத்து.

"போடறேன் போ," என்றார் கன்னியம்மா.

மேஸ்திரி ஜெகதீசன் குரல் கொடுக்க, ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைத் திருகினார்கள். ஆபீஸுக்குக் கிளம்பிய நான் எதிர்ப்பக்கம் அப்படியே நின்றுவிட்டேன். கதவு, தூண், சுவரில் தொங்கிய காலண்டர் எல்லாம் மெல்ல மேலே போயின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு சாலைக்கு மேலே வந்தது. ஆனால் கீழே செங்கல் வைப்பதற்குள் கன்னியம்மா பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்டார்.

"யக்கா, ஒரு வாரம் பொறு. ஊடு இன்னும் ஜாக்கி மேலதான் கீது," என்று கெஞ்சினார் ஜெகதீசன்.

"ஆவணி முடியுதுப்பா. பொரட்டாசில யாருனா பால் காச்சுவாங்களா?"

முன்னறையில் தெருவே கூடியது. பால் பொங்கி வழிந்ததும் பக்கத்துப் பூக்கடை விஜி கத்தினாள்: "வடக்கால பொங்கிகீதுடி! நல்ல சகுனம்!" பெண்கள் குலவையிட்டார்கள்.

ஜெகதீசன் முகம் மட்டும் மாறியது. "சகுனம் இல்லக்கா. ஒரே பக்கமா ஊத்துது பாரு. ஊடு சாஞ்சிகீது."

குலவை நின்றது. அருள் அம்மாவைப் பார்த்தான். "கோணிச்சின்னா கையெழுத்துன்னு சொன்னேன்ல?"

கன்னியம்மா நிதானமாக அடுப்பை அணைத்தார். "செங்கல்லு வெச்சப்புறம் கோணினாத்தான்டா கோணல். ஜாக்கி இன்னும் கீழதான கீது? நிமித்துங்கடா!"

ஜெகதீசன் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூபைப் பிடித்து மட்டம் பார்த்தார். முந்தின நாள் மழையில் வடக்கு மூலையில் மண் இளகி, ஜாக்கி புதைந்திருந்தது. அடியில் கல் கொடுத்துத் திருக வேண்டும். விசேஷ நாள் என்று பாதி ஆட்கள் வரவில்லை. எல்லாரும் அருளைப் பார்த்தார்கள். அவன் கொஞ்சம் முறைத்தான். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான்.

"அண்ணாத்தே, மெதுவா! மெர்சலாவாத!" என்று மேலிருந்து விஜி கலாய்த்தாள்.

அவன் திருகத் திருக வடக்கு மூலை எழும்பி மட்டத்துக்கு வந்தது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. மறுபடி பால் வைத்தார்கள். நுரை எழும்பியது, விளிம்பில் நின்றது, பிறகு சட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றாக வழிந்தது. நான் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்!

அருள் முழங்கால் வரை சேற்றோடு ஏறி வந்தான். கன்னியம்மா முதல் டம்ளர் பாலை அவனிடம் நீட்டினார்.

"இந்தா பில்டரு, குடி."

அவன் சிரித்துவிட்டான். குடித்து முடித்ததும் அவனே தெருவை எட்டிப் பார்த்து, "மேஸ்திரி, செங்கல்லு எப்போ வருது?" என்றான்.