நான் நின்ற இடத்தில் திரை

மாலை நான்கு பத்துக்கு எல்லாம் கெட்டது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவில், மகளின் கல்யாண ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் மகள், மாப்பிள்ளை, அவருடைய அம்மா எல்லாரும் இருந்தார்கள். மகளை ஒட்டி நின்ற நான் மட்டும் இல்லை. அந்த இடத்தில் சிவப்புத் திரை தொங்கியது.

பாகலூர்ச் சம்பந்தியம்மாளின் கை மட்டும் என் மகளின் தோள்மேல் சொகுசாக இருந்தது. கல்யாணமானதிலிருந்து வீட்டுக்கு வந்தால் "அத்தை வைக்கிற சாம்பார்" என்றுதான் மகளுக்குப் பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது.

"என்னை எதுக்குப்பா அழிச்சே?"

"அழிக்கலைங்கக்கா, மாஸ்க் போட்டு மறைச்சிருக்கேன்" என்றார் டிசைனர். "அந்த மாஸ்க்ல கறுப்பு பூசினா மறைஞ்சிருவீங்க, வெள்ளை பூசினா வந்துருவீங்க. உங்க பொண்ணுதான் மறைக்கச் சொன்னாங்க."

நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு அருகே இழுத்துப் போட்டேன்.

"வெள்ளையைப் பூசு" என்றேன்.

அவர் மவுஸைத் தேய்க்கத் தேய்க்க, முதலில் என் பட்டுப்புடவை வந்தது, கடைசியில் முகமும் வந்தது. சம்பந்திக்குச் சமமாக நின்றுவிட்ட திருப்தியில் நாற்காலியில் சாய்ந்தேன்.

அந்த நேரம் பாகலூர் பஸ்ஸில் வந்திறங்கிய மகள் உள்ளே நுழைந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள்.

"ஐயோ, அந்த மூஞ்சியைத் திரும்பக் கொண்டாந்துட்டியா? நீ சிரிக்கிற போட்டோ கிடைச்சா அங்க வைக்கலாம்னுதாம்மா மறைக்கச் சொன்னேன். எல்லாத்தையும் தேடிட்டேன். ஒண்ணுலகூட நீ என்னைப் பார்க்கலம்மா, எங்க அத்தையைத்தான் முறைச்சுக்கிட்டு நிக்கிற."