சவுதிக்காரர் வீட்டுச் சோப்பு

பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் ஊரையே வரைந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஓர் அட்டை. எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை, எது நடுத்தரம், எது வசதி என்று ஊராரே பேசி, அதற்கென்று வரைந்த வட்டத்தில் அட்டையை வைக்க வேண்டும். மிகவும் ஏழை என்று முடிவாகும் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ராமநாதபுரத்தில் நர்சிங் பயிற்சி இலவசம். நூர் நிஷா வந்ததே அதற்காகத்தான். மகள் லாமியா பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள்.

நூர் நிஷாவின் புருஷன் ஹசன் அலி சவுதிக்குப் போய் ஆறு வருஷம். நாலு வருஷமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. அங்கேயே வேறு குடும்பம் என்று கேள்வி. தெருவில் ஒரு ஈ காக்காய்க்கு இது தெரியாது. நூர் நிஷா கீழக்கரையில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். கேட்டால், "மாமி வீட்டுக்குப் போறேன்" என்பாள். நோன்பு மாதம் வந்தால் அந்தச் சம்பளத்தில் வெளிநாட்டு வாசனைச் சோப்பு வாங்கி, "லாமியா வாப்பா அனுப்புனாக" என்று வீடு வீடாகக் கொடுப்பாள். சவுதிக்காரர் வீடென்றால் கொடுத்தாக வேண்டுமே! கௌரவமாம், பெரிய கௌரவம். அடுப்பில் வெறும் கஞ்சிதான்.

மகளிர் குழுத் தலைவி நாகஜோதி அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"நூர் நிஷா வீடு. எங்கன வைக்க?"

"இதுல என்ன கேள்வி? வசதிதான்," என்றாள் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள். "போன நோம்புக்குக்கூட எம்புள்ளைகளுக்குச் சோப்பு குடுத்துச்சு. அம்புட்டும் ஃபாரின்!"

நன்றியோடுதான் சொன்னாள், பாவம்.

நாகஜோதி திரும்பினாள். "ஏத்தா, நீயே சொல்லு. சரிதான?"

நூர் நிஷா அட்டையைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் போதும். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். இத்தனை பேருக்கு முன்னால் புருஷன் விட்டுவிட்டுப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

"சரிதாங்க்கா."

அட்டை வசதி வட்டத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்தபோது லாமியா வாசலிலேயே நின்றாள். "உம்மா, நம்ம பேரு வந்துச்சா?"

"இல்ல. வசதியான வீடுன்னு வச்சுட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சரின்னு சொன்னேன்."

அழுவாள் என்று பார்த்தால், லாமியா அழவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். வருகிற நோன்புக்கென்று வாங்கி வைத்திருந்த சோப்புகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அழுக்குத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போய் உட்கார்ந்து, துவைக்க ஆரம்பித்தாள்.

நூர் நிஷா மிச்சச் சோப்புகளையும் எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.