மதலை முகத்தில் நின்ற ஃபோகஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வைகாசி வெயிலில், திருமயம் பக்கம் ஒரு கிராமத்துக் கண்மாய்க் கரையில் நடந்தது இது. நான் விராலிமலையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். லீவு நாட்களில் குறும்படம் எடுப்பவன். இரண்டாவதைச் சொன்னால் என் மாமனார் பெண் கொடுத்ததற்கு வருத்தப்படுவார் என்பதால், வெளியில் முதலாவதை மட்டும் சொல்லிக்கொள்வேன்.

அந்த வருடம் அந்தக் கிராமத்தில் புரவி எடுப்பு வைத்திருந்தார்கள். மண்ணால் செய்த ஆளுயரக் குதிரைகளை மூங்கிலில் கட்டி, தோளில் சுமந்துபோய் அய்யனார் கோயிலில் வைக்கிற திருவிழா. எங்கள் பக்கத்தில் அது வருடாவருடம் நடப்பதில்லை. மழையும் விளைச்சலும் பார்த்து ஊர் கூடி முடிவு செய்தால்தான் உண்டு. பிள்ளை வரம் வேண்டிப் பலித்தவர்கள் அன்று மண்ணில் செய்த குழந்தை உருவத்தைக் கையில் ஏந்தி வருவார்கள். அதற்கு மதலை என்று பெயர்.

கறம்பக்குடியில் வேலை பார்க்கும் ஒரு ஆரம்பப் பள்ளி டீச்சருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தது. புகுந்த ஊர் இந்தக் கிராமம். அவர் மதலை எடுப்பதுதான் என் படம். வீடு, பள்ளிக்கூடம், பேருந்துப் பயணம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. டீச்சர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எனக்கு நடிக்கத் தெரியாதுங்க. அன்னைக்கு நான் எப்படி இருக்கேனோ அப்படி எடுத்துக்கங்க. மதலைய வாங்கிட்டா கோயில்லதான் எறக்கணும். நடுவுல நில்லுங்க, திரும்பி வாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க." சொல்ல மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். ஆக, கிடைத்தால் ஒரே தடவை. விட்டால் படமே இல்லை.

அந்தக் காட்சிக்காகத்தான் லென்ஸ் வாங்கினேன். முன்னால் டீச்சர், பின்னால் கரை நீளத்துக்கும் வரிசையாகக் குதிரைகள். இந்த அகலம் சாதாரண லென்ஸில் அடங்காது. அனமார்ஃபிக் லென்ஸ் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் அமுக்கிப் பதிவு செய்யும். பிறகு கணினியில் விரித்துக்கொண்டால் தியேட்டர் திரை மாதிரி நீளமாக வரும். என் கைக்கு எட்டும் விலையில் இரண்டு இருந்தன. ஒன்று, கையால் திருகி ஃபோகஸ் வைப்பது. கண்ணாடி தரமானது, ஆனால் கனம். அதைத் திருகவே தனியாக ஓர் ஆள் வேண்டும். இன்னொன்று புதிதாக வந்த ஆட்டோஃபோகஸ். எடை குறைவு. முகத்தைத் தானே கண்டுபிடித்து விடாமல் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். ராத்திரி ஷிப்டில் இருந்து வந்து தூங்காமல் பதினைந்து நாள் வீடியோ வீடியோவாகப் பார்த்து, இரண்டாவதை வாங்கினேன். வீட்டில் சோதித்தேன். தோசை ஊற்றும் என் மனைவியின் முகத்தை அது விடவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டைக்கூட விடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கேதான் என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவன். என் முதல் இரண்டு குறும்படங்களுக்கும் ஃபோகஸ் திருகியது அவன்தான். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, லென்ஸில் டேப் ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு திருகுவான். அவனுடைய ஊர்தான் இந்தக் கிராமம். ஊர்க்காரர்களிடம் பேசி அனுமதி வாங்கித் தந்ததும் அவன்தான். லென்ஸ் வந்த சந்தோஷத்தில் டீக்கடையில் வைத்து அவனிடம் சொன்னேன். "இந்தத் தடவ ஃபோகஸுக்கு ஆளே வேணாம் மாப்ள. லென்ஸே பாத்துக்கும்."

கையில் இருந்த கிளாஸை ஒரு தடவை சுற்றினான். "அப்ப நல்லதுதான்," என்றான். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த டீக்கடையைக் கடந்து போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

விழா அன்று மதியம் மூன்று மணிக்கு, மண்குதிரைகளைச் செய்த வேளார் வீட்டு முன்னால் குதிரைகளுக்குத் தீபம் காட்டித் தோளில் ஏற்றினார்கள். குதிரைக்கு இருபது பேர் போல. கொட்டும் குலவையும் காதைப் பிளந்தன. முதல் குதிரைக்கு முன்வரிசையில் என் நண்பன் நிற்பதைப் பார்த்தேன். மஞ்சள் வேட்டி, இடுப்பில் துண்டு, கையில் காப்பு. ஊர்க்காரன், தூக்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டீச்சர் மதலையை வாங்கிக்கொண்டு அந்தக் குதிரைக்கு முன்னால் நடந்தார். அவருடைய கணவர் குழந்தையோடு கூட்டத்தில் பின்னால் வந்தார். ஊருக்குள் இருக்கும்வரை எல்லாம் சரியாகப் போனது. கண்மாய்க் கரையில் ஏறியதும்தான் உண்மையான காட்சி. கரை அவ்வளவு அகலமில்லை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பத்தடிச் சரிவு. நான் டீச்சருக்கு முன்னால், கேமராவை அவர் பக்கம் காட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பின்பக்கமாக நடக்கத் தொடங்கினேன்.

அதுவரை தாழ்வாகப் பிடித்திருந்த மதலையை டீச்சர் இப்போது இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேலே ஏந்தியிருந்தார். உருண்டை முகம், மையிட்டு எழுதிய பெரிய கண்கள், சிவப்பு உதடு. திரையில் முகத்தைக் காட்டும் பச்சைக் கட்டம் டீச்சர் முகத்தில் இருந்தது. திடீரென்று ஒரு துள்ளு துள்ளி மதலையின் முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மண் குழந்தை துல்லியமாகத் தெரிந்தது. டீச்சர் முகம் மாவு கரைத்தது மாதிரி மங்கிவிட்டது.

திரையில் விரலை வைத்து டீச்சர் முகத்தைத் தொட்டேன். கட்டம் வந்தது. இரண்டு எட்டில் மறுபடி மதலைக்குப் போனது. மறுபடி தொட்டேன். மறுபடி போனது. அதற்குப் பிறகு வியர்வை விரலைத் திரை ஏற்கவே இல்லை. காரணம் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். இந்த லென்ஸ் எல்லாவற்றையும் அமுக்கித்தான் கேமராவுக்குக் கொடுக்கும். டீச்சருக்கு ஒடிசலான முகம். அமுக்கினால் அது முகம் மாதிரியே இருக்காது. வேளார் கையால் அகலமாகச் செய்த அந்த மண்முகத்தை அமுக்கியபோது, அது நல்ல மனித முகம் ஆகியிருக்க வேண்டும். என் வீட்டுத் தோசைக்கல்லுக்கு முன்னால் மதலை ஏது?

அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. டீச்சரின் உதடு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. பதினோரு வருடம் அந்த முகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, என் கேமராவோ மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோயில் மணி கேட்கத் தொடங்கிவிட்டது. இன்னும் இருநூறு அடி இருக்கலாம். என்னை அறியாமல் என் கால் நின்றுவிட்டது.

டீச்சருக்குப் பின்னால் குதிரை வந்துகொண்டிருந்தது. இருபது பேர் சுமந்து வரும் பாரம் நினைத்த இடத்தில் நிற்காது. "யோவ் கேமரா! நிக்காதய்யா! அங்கிட்டு போ!" என்று யாரோ கத்தினார்கள். நான் தடுமாறி ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன். கீழே மண் சரிந்தது. விழுந்தேன் என்றுதான் நினைத்தேன்.

யாரோ என் பெல்ட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து நிறுத்தினார்கள். என் நண்பன். எப்போது குதிரையை விட்டு வந்தான் என்று தெரியாது. மூச்சு இரைத்தது.

"ஆட்டோவ அமத்து. இங்கிட்டு குடு," என்று லென்ஸ் வளையத்தைத் திருகினான். அது பாட்டுக்குச் சுற்றியது. பழைய லென்ஸில் வளையத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கும், கை பழகிய அளவு இருக்கும். இதில் எதுவும் இல்லை, எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடம் பழகிய விரல்கள் அதில் தவித்ததைப் பார்த்தேன். சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"இது வேலைக்காவாது. ஆட்டோவ போடு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவுங்க முகத்துல நிக்கட்டும். நின்னதும் ஃபோகஸ பூட்டிரு. தூரம் மாறாம நான் பாத்துக்கறேன்."

போட்டேன். கட்டம் மதலையிலேயே நின்றது. கோயிலுக்கு நூற்றைம்பது அடி. நூற்று இருபது. டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

அந்த நேரம் கரைக்குக் கீழே யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். டீச்சர் திடுக்கிட்டு, மதலையின் முகத்தைத் தன் நெஞ்சோடு திருப்பி அணைத்து, ஒரு கையால் அதன் காதைப் பொத்தினார். மண் பொம்மையின் காதை. பிறந்த பிள்ளைக்குச் செய்வது போல.

பச்சைக் கட்டம் டீச்சர் முகத்துக்குத் தாவியது.

"பூட்டு!" என்றான். பூட்டினேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை, திரையைத் தவிர. அவன் எனக்குப் பக்கவாட்டில், என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, டீச்சரின் பாதத்தை மட்டும் பார்த்து நடந்தான். அவர் எட்டு வைத்தால் என்னை இழுப்பான். அவர் தயங்கினால் என்னை நிறுத்துவான். இரண்டு தடவை என் முதுகில் தட்டினான். "மட வருது. இடது பக்கம் ரெண்டு எட்டு. இன்னம் கொஞ்சம். ஆங், போ." அந்த மடைக்குழி எனக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் முகம் மங்கிவிடும். மங்கவில்லை. வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகும் டீச்சர் மதலையைத் திருப்பவே இல்லை. கோயில் வாசலில் அவர் அதை இறக்கி வைத்து, கை வெறுமையானதும் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பின்னால் திரும்பித் தன் குழந்தையை வாங்கிக்கொண்டார். அதுவரை எல்லாமே கேமராவில் விழுந்தது.

நான் கேமராவை வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அழுது முடித்துத் திரும்பினால் அவனைக் காணோம்.

குதிரை இறக்கும் இடத்தில் நின்ற அவனுடைய சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வருசம் அவுங்கப்பாவுக்கு நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணுனாகள்ல, பொழச்சு வந்தா கடைசி வரைக்கும் தோள் கொடுக்கறேன்னு வேண்டியிருந்தான் தம்பி. பாதிலயே வெலகி ஓடியாந்துட்டான். ஒரு தடவ வெலகுனா மறுக்கா தோள் வைக்க முடியாது. இனி அடுத்த எடுப்புதான்."

அவனுடைய அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது தெரியும். இந்த வேண்டுதல் தெரியாது. அவன் சொல்லவில்லை. நானும் லென்ஸைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேனே தவிர, நீ என்ன செய்யப்போகிறாய் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உள்ளங்காலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன் மாப்ள அப்படிச் செஞ்ச? நாசமாப் போகட்டும்னு விட்டிருக்கலாம்ல?" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான்.

அவன் தலை நிமிரவில்லை. "குதிரைக்கு இன்னம் பத்தொம்பது தோளு இருந்துச்சு. ஒனக்கு அங்க ஆரு இருந்தா?"

முள் வெளியே வந்ததும், "பூட்டுனியே, தெளிவா விழுந்திருக்கா? காட்டு," என்று கேட்டான். காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, முள்ளைத் தூர எறிந்தான்.

அந்த லென்ஸை நான் விற்கவில்லை. அதன்மீது குற்றமும் இல்லை. முகத்தைக் கண்டுபிடி என்றால் கண்டுபிடித்தது. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், பக்கத்தில் அவன் இருக்கிறான். அந்த ஊரில் அடுத்த புரவி எடுப்பு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை பெய்யும்போது நான் கண்மாய் நிறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் டீச்சர் முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த முகத்துக்குப் பின்னால், மங்கலாக அசைந்து வரும் முதல் குதிரையின் முன்வரிசையில் ஒரு தோள் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் என் கண் போய் நிற்பது அங்கேதான்.