ஆறு கம்பியிலிருந்து நாலு கம்பிக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருப்பூர் மண்ணரையில் நாங்கள் போகும் சின்ன சர்ச்சில் இது நடந்தது. பனியன் கம்பெனி ஒன்றின் பழைய குடோனைத்தான் சர்ச்சாக மாற்றியிருந்தோம். என்னைப் போலத் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள்தான் அங்கே அதிகம். பாட்டுக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன் நான். வேலை, துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில். வாரம் முழுக்க மெஷின் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டும்போது வரும் சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அன்றைக்கு இரண்டாவது பாட்டின் நடுவில் நான் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், மொத்த சர்ச்சும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாக வாசித்துவிட்டோம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நின்றேன். முன்வரிசையில் ஒரு அம்மா இரண்டு கையாலும் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் தலையை ஆட்டினேன். டிரம்ஸ் வாசிக்கும் பெண் குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். எல்லாரும் மூச்சு விட்டார்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள் மனைவி. வீட்டுக்குள் நுழைந்ததும்தான் கேட்டாள்.

“அந்த விசில் சத்தம் நெசமாவே உங்களுக்குக் கேக்கலியா?”

“எந்த விசில்?”

“உங்க பொட்டியில இருந்து ‘கீ’ன்னு ஊசி வச்சுக் குத்துன மாதிரி அடிச்சிச்சி. கோயிலே காதப் பொத்திக்கிட்டு நிக்கி, நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கீய.”

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி. குக்கர் விசில் எனக்குத் தெரிவதில்லை. போன் பக்கத்திலேயே அடித்தாலும் எடுப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரில் கூர்மையான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை நான் மாதாமாதம் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். எனக்கு மங்கலாகக் கேட்ட கம்பி, மற்றவர்களின் காதைக் கிழித்திருக்கிறது. மனம் நோகுமே என்று யாரும் சொல்லவில்லை. வேலை இடத்திலும் இது வெளியே தெரிய வழியில்லை. நிட்டிங் ஹாலுக்குள் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. எல்லாமே கை ஜாடைதான்.

காது டாக்டரம்மா ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். சமதரையில் வருவது போல நேராக வந்த கோடு, பாதிக்கு மேல் கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கியிருந்தது.

“மெஷின் சத்தத்துல ரொம்ப வருசம் இருந்திருக்கீங்க. கனமான சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதுங்க. கூர்மையான சத்தம்தான் போயிருச்சு. போனது திரும்ப வராதுங்க. இருக்கறதக் காப்பாத்திக்கணும்” என்றார். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கேட்க உதவும் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

கிட்டாரை உறைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த இரண்டு மூன்று வாரம் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கினால் எழுந்து வெளியே போய் நின்றுவிடுவேன்.

ஒரு சாயங்காலம் டிரம்ஸ் வாசிக்கும் பெண் வீட்டுக்கு வந்தாள். இந்த ஊர்க்காரி. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

“நீங்க இல்லாமலும் பாட்டு நடக்குதுங்கண்ணா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேஸ் வாசிக்கத்தான் ஆளே இல்லீங்க. நானு ஒருத்தியா டிரம்ம மிதிச்சுட்டுக் கெடக்கறேன். நீங்க பேஸுக்கு வாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பையன்களாக இருந்த காலத்தில், யாருக்குக் கிட்டார் சரியாக வரவில்லையோ அவன் கையில்தான் கனத்த சத்தம் தரும் பேஸ் கிட்டாரைக் கொடுப்போம். மேடையில் பின்னால் நின்று ‘டும் டும்’ என்று தட்டிக்கொண்டிருப்பான். இப்போது அந்த இடம் எனக்கா?

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “கனமான சத்தம் நல்லாக் கேக்குன்னுதான டாக்டரம்மா சொன்னாவ?”

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம். இசைக்கருவிகள் விற்கும் கடை, மாடியில் இருந்தது. ஒரு சுவர் முழுக்க பேஸ் கிட்டார்கள். நான் நேராக ஒரு வெள்ளைக் கிட்டாரிடம் போனேன். ஒல்லியான கழுத்து, நெருக்கமான கம்பிகள், பளபளப்பு. என் பழைய கிட்டாருக்கு அண்ணன் மாதிரி இருந்தது. மடியில் வைத்ததும் விரல்கள் பழைய பழக்கத்தில் ஓடின. இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கடையில் இருந்த பெண் ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டே ஏதோ கேட்டாள். தலையை ஆட்டினேன். இன்னொன்று கேட்டாள். அதற்கும் ஆட்டினேன். அவள் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு கம்பி வேண்டுமா ஐந்து கம்பி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் நான் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

“அவியளுக்குக் காது சரியாக் கேக்காதும்மா. முன்னால வந்து நின்னு சொல்லு” என்றாள் மனைவி.

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டிருக்கும். முகமெல்லாம் சூடாகிவிட்டது. காது கேட்காதவன் பாட்டுக்கடையில் என்ன செய்கிறான் என்று நினைப்பார்கள். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விடத்தான் எழுந்தேன்.

அந்தப் பெண் அசரவில்லை. சுற்றி வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். குரலை உயர்த்தவும் இல்லை.

“அப்படீங்களா சார். அப்ப ஆம்ப்ப ஆஃப் பண்ணிரலாமுங்க.”

“சத்தமே இல்லாம எப்படிம்மா பாக்கறது?”

“சத்தத்த அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல ஒவ்வொண்ணா நெஞ்சோட ஒட்டிப் புடிச்சு, தடியான அடிக்கம்பிய மட்டும் ஒரு தட்டு தட்டுங்க. எதுல ஒடம்புக்கு நல்லாத் தெரியுதுன்னு சொல்லுங்க.”

வெள்ளைக் கிட்டாரை நெஞ்சோடு அணைத்து அடிக்கம்பியைத் தட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்து ஒரு சிவப்பு. சட்டைப் பட்டனில் லேசாக அதிர்ந்து நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பார்த்தோம். பிறகு அவள் மூலையிலிருந்து ஒரு பழுப்பு நிற நாலு கம்பிக் கிட்டாரை எடுத்துவந்தாள். யாரோ வாசித்துவிட்டுக் கொடுத்த பழசு. ஓரத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது. கழுத்து நீளம். தூக்கினால் நல்ல கனம்.

அடிக்கம்பியைத் தட்டினேன். விலா எலும்பில் ஏறியது. முதுகு வரை போனது. போனது உடனே அடங்கவும் இல்லை. மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் வயிற்றில் எங்கேயோ முடிந்தது.

மனைவி பக்கத்தில் வந்தாள். அவள் கையைப் பிடித்து மரத்தின் மேல் வைத்து, மறுபடியும் தட்டினேன். கல்யாணமான புதிதில் அவளும் எங்கள் யூனிட்டில்தான் வேலை பார்த்தாள்.

“மெசினு ஓடும்போது தரை அதிருமே, அத மாதிரில்லா இருக்கு” என்றாள்.

உண்மைதான். பேரிங் தேய்ந்த மெஷினை நான் காதால் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்தில் போய் நின்றால் பாதம் சொல்லிவிடும். இத்தனை வருடம் அந்த வித்தையை வைத்துத்தான் பிழைத்திருக்கிறேன். அது பாட்டுக்கும் உதவும் என்று தோன்றியதே இல்லை.

“நின்னுட்டு வாசிச்சுப் பாருங்க சார். உக்காந்தா எல்லாமே சொகமாத்தான் இருக்கும்” என்று அந்தப் பெண் வாரை மாட்டிவிட்டாள். தோள் இழுத்தது. கழுத்து நுனியில் இருந்த முதல் கட்டையைப் பிடிக்க இடது கை நீண்டு வலித்தது. வெள்ளையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“கிட்டார்ல இருந்து வர்றவங்க மொதல்ல அதத்தான் எடுப்பாங்க சார். பழகுன கைக்குப் பழகுன மாதிரியே இருக்கும். அதுல தப்பில்லீங்க. கை எதுக்கு வேணா பழகிக்கும். உங்களுக்குத் தெரியறது எதுன்னு பாத்துக்கங்க.”

அதன் பிறகுதான் ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். பழுப்புக் கிட்டாரில் ஒரே ஒரு சுரம் வாசித்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை, எங்கேயும் மங்காமல், முழுசாகக் கேட்டது. ஒரு சுரத்தை இப்படிக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று தெரியவில்லை. கண் கலங்கியதை மறைக்க, பட்டையான தோள்வார் ஒன்று எடுத்துக் கொடு என்று அவளிடம் சொன்னேன். தோளைப் பற்றிய கவலையும் தீர்ந்தது.

வாங்கிவிட்டால் ஆயிற்றா? முதல் பயிற்சியில் நான் பேஸைக் கிட்டார் மாதிரியே வாசித்தேன். இருக்கிற இடத்தையெல்லாம் சுரத்தால் நிரப்பினேன். டிரம்ஸ் பெண் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அண்ணா, எங்கீங்க போறீங்க? என்ற காலப் பாருங்க. நானு மிதிக்கறப்ப மட்டும் வாசிங்க.”

அவளுடைய வலது காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கப் பழகினேன். டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளின் சத்தம் எனக்குக் கேட்காது. ஆனால் பெரிய டிரம்மின் அடி தரை வழியாக வந்துவிடும். அதோடு என் சுரம் சேர்ந்து விழும்போது இரண்டும் ஒரே சத்தமாகிவிடும். கம்பியை மீட்டும் பிக்கை விட்டுவிட்டு இரண்டு விரலால் வாசித்ததில் விரல் நுனி கொப்பளித்து, உடைந்து, காய்ப்பு ஏறியது. அந்த விரலோடு நூல் கண்டு மாட்டும்போது எரியும். ஆனாலும் மனசுக்குள் ஒரு குஷி இருந்தது. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டு எத்தனை காலம் ஆயிற்று!

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு சர்ச் நிரம்பி, வாசலுக்கு வெளியேயும் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் பாட்டில் என் பேஸ் சேர்ந்துகொண்ட இடத்தில் கூரைத் தகரம் லேசாகக் கடகடத்தது. பாஸ்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அத்தனை பேரும் சேர்ந்து பாட ஆரம்பித்தபோது, அந்தப் பாட்டு முழுவதும் என் விரலுக்கு மேலே உட்கார்ந்திருப்பது போல ஓர் உணர்வு. நான் ஒரு சுரம் தள்ளிப்போனால் அத்தனை பேரும் தடுமாறுவார்கள். பின்னால் நிற்பவன் வேலை இதுவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். மனைவி கிட்டாரை உறையோடு என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பொங்கல் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் போய்க் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டேன். யூனிட்டில் இப்போது காதடைப்பான் போடாமல் ஹாலுக்குள் போவதில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்களையும் விடுவதில்லை. முதலில் கேலி செய்தார்கள். சர்ச்சிலும் கடையிலும் எனக்கு நடந்ததைத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இப்போது போட்டுக்கொள்கிறார்கள்.

கோயம்புத்தூர்க் கடைக்குப் பிறகு போனபோது அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. என் மனைவி அங்கே எல்லார் முன்னாலும் உடைத்துச் சொன்ன விஷயத்தை என்னிடமிருந்தேகூட மறைத்துக்கொண்டுதான் நான் வருடக்கணக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது வெளியே வந்த பிறகுதான், முன்பின் தெரியாத ஒருத்திக்கு எனக்கு எப்படி உதவலாம் என்று தெரிந்தது. இப்போதெல்லாம் யார் பேசுவது பிடிபடவில்லை என்றாலும், “கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க” என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். காதுக்கு வைத்த மெஷினைவிட அந்த ஒரு வார்த்தையால்தான் எனக்கு அதிகம் கேட்கிறது.