பக்கத்து நாற்காலியில் தெரிந்த சிவப்பு

லிமா நகரத்தின் காமர்ரா துணிச்சந்தையில், மூன்றாவது மாடிக் கடைசியில், நில்டாவும் அவள் கணவன் எலோயும் துணியில் அச்சுப் போடும் பட்டறை ஒன்று வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் பூ வரைந்து, நிறம் சேர்த்து, காகிதத்தில் அச்செடுத்து, அந்தக் காகிதத்தைத் துணிமேல் வைத்துச் சூட்டு இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது தொழில். வரைவதும் நிறம் சேர்ப்பதும் நில்டா. வாடிக்கையாளர்களைப் பிடிப்பதும் பேசுவதும் எலோய். கடைக்கு அவள் பெயரையே வைத்திருந்தான். வாடகைப் பத்திரத்தில் மட்டும் அவன் பெயர்.

நில்டா அதற்கு முன்பு வேறொருவர் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வாள். பேச்சு குறைவு. ஒரு நிறம் மனதுக்குப் பிடிபடும்வரை எழுந்து சாப்பிடக்கூடப் போகமாட்டாள். எலோய் நல்ல மனநிலையில் இருக்கும்போது அவளைக் "குண்டு" என்று கூப்பிடுவான். கோபத்தில் இருந்தால் நில்டா.

ஒருநாள் அவள் பழைய மானிட்டரில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அடுத்த வாரம் பாதித் திரை அணைந்தேபோயிற்று. இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் வில்சன் தெருவுக்குப் போனார்கள்.

தனக்கு என்ன வேண்டும் என்பதில் நில்டாவுக்குக் குழப்பமே இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஐ.பி.எஸ் பேனல் வைத்த தட்டையான திரை இருந்தது. முதலாளி வலப்பக்கம் நிற்பார், தையல்காரர் இடப்பக்கம் நிற்பார், நடுவில் இவள். மூன்று பேருக்கும் ஒரே சிவப்புதான் தெரியும். அதுபோல ஒன்று வேண்டும். கொஞ்சம் உயரமாகவும் இருக்க வேண்டும், முடிந்தால் திருப்பி நிமிர்த்தி வைக்கக்கூடியதாக. பாவாடையின் முன்பக்கத் துணி நீளமானது. அகலத் திரையில் அதை நிமிர்த்திப் பார்த்தால் பாதிதான் தெரியும், மீதியை உருட்டி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

எலோய் அழைத்துப்போனது அவனுடைய பந்தாட்டக் கூட்டாளி சாண்ட்ரோவின் கடைக்கு. வாசலிலேயே ஒரு வளைந்த திரை வைத்திருந்தார்கள். ஒரு ஆள் கையை விரித்தாலும் போதாத அகலம். அதில் ஏதோ கார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. எலோய் அதன்முன் போய் நின்றவன் நகரவில்லை.

"இது வி.ஏ பேனல், அண்ணே" என்றான் சாண்ட்ரோ. "கறுப்புன்னா இதுல கறுப்பு. கிணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி. ஐ.பி.எஸ்ல கறுப்பு சாம்பல் அடிக்கும்."

நில்டா திரைக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் சிவப்புக் கார் வெளுத்து ஆரஞ்சு தட்டியது. நடுவுக்கு வந்தாள். திரும்பச் சிவப்பு. மறுபடி பக்கவாட்டுக்குப் போனாள்.

"இங்க நின்னா நிறம் மாறுதே" என்றாள்.

சந்தையில் வாடிக்கைக்காரிகளைக் கூப்பிடும் வார்த்தையில் சாண்ட்ரோ அவளைக் கூப்பிட்டான். "அங்க நின்னு யாரு கசேரா பாக்கப்போறா? நேரா உக்காந்து பாருங்க. ஓரமும் கண்ணுக்கு நேரா வரணும்னுதான் வளைச்சே செஞ்சிருக்கான்."

"என்கூட ஆளுங்க உக்காந்து பாப்பாங்க. எனக்குத் தட்டையா ஒண்ணு குடுங்க. நிமித்தி வைக்கிற மாதிரி இருக்கணும்."

"நிமித்தியா?" சாண்ட்ரோ எலோயைப் பார்த்துக் கண்ணடித்தான். "வீட்டம்மா ஆளுயரக் கண்ணாடி வாங்க வந்திருக்காங்களா, மானிட்டர் வாங்க வந்திருக்காங்களா?"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எலோயும் சிரித்தான். "இவளுக்கு விட்டா பழைய பெட்டியையே கோந்து போட்டு ஒட்டிக்குடுன்னு கேப்பா" என்றான். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "குண்டு, கஸ்டமர் உள்ள வந்ததும் முதல்ல என்ன பாப்பான்? உன் முகத்தையா? இதைப் பாத்தான்னா சினிமாக் கொட்டகைக்கு வந்தமாதிரி வாயப் பொளப்பான். சொன்னாக் கேளு."

அவள் கேட்டாள். இத்தனை பேர் முன்னால் புருஷனோடு மல்லுக்கட்ட அவளுக்கு வரவில்லை. ஒரு தடவை சொல்லியாயிற்று, அவன் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பெரிய பெட்டியை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வழியெல்லாம் எலோய் விசிலடித்துக்கொண்டே வந்தான்.

திரை பட்டறைக்கு வந்ததும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துப்போனார்கள். எலோய் மத்தியானத்தில் அதில் பந்தாட்டம் போட்டுவிட்டுக் கோழிச்சாறு குடித்தான். நில்டாவுக்கு முதல் நாளிலிருந்தே அதனோடு ஒத்துவரவில்லை. ஒரு நிறத்தை நடுவில் வைத்துச் சேர்ப்பாள். அதை இழுத்து ஓரத்தில் வைத்தால் வேறு நிறம். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தால் இன்னொன்று. கரை போட நேர்கோடு இழுத்தால் அது வளைந்தே தெரியும். அளந்து பார்த்தால் நேராகத்தான் இருக்கும். கழுத்தை அசைக்காமல் கட்டைபோல் உட்கார்ந்து வேலை செய்யப் பழகிக்கொண்டாள்.

தோன் தியோஃபிலோ வந்தது அப்போதுதான். 'தோன்' என்பது ஐயா என்பதுபோல மரியாதைக்குச் சொல்வது. மலைமேல் இருக்கும் பூனோ ஊர்க்காரர். லிமாவில் குடியேறிய தன் ஊர்ச்சனங்களின் நடனக் குழுவுக்குத் தலைவர். மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போய் ஆடுவார்கள். அதற்குப் பெண்கள் அத்தனை பேருக்கும் பாவாடையும் மேல்சட்டையும் வேண்டும். அரக்குச் சிவப்பு, அதில் இன்னும் அடர்ந்த சிவப்பில் அவர்கள் மலைநாட்டின் கந்துத்தாப் பூக்கள். அந்தப் பட்டறைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது.

நில்டா நடுவில் உட்கார்ந்தாள். தோன் தியோஃபிலோவுக்கு அவள் வலப்பக்கத்தில் நாற்காலி போட்டான் எலோய். தானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"நல்லா இருக்கும்மா. ஆனா வெளுத்தமாதிரி இருக்கே" என்றார் தோன் தியோஃபிலோ. "எங்க ஊரு வெயில்ல இது நிக்காது. இன்னும் கொஞ்சம் இறக்கு."

நில்டா நிறத்தை இன்னும் அடர்த்தியாக இறக்கினாள்.

"இன்னும்."

"தோன் தியோஃபிலோ, என் இடத்துலேர்ந்து பாத்தா இதுவே அடர்த்தியாத்தான் இருக்கு. பூ மறைஞ்சுபோகும். நீங்க இங்க வந்து உக்காந்து பாருங்க."

"அவரு உன் மடியிலயா உக்காருவாரு?" என்றான் எலோய்.

தோன் தியோஃபிலோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். நில்டா எழுந்து நாற்காலியைக் கொடுக்கப் போனாள். அதற்குள் எலோய் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

"நாங்க ரெண்டு பேரு பாக்கறோம், ரெண்டு பேருக்கும் வெளுப்பாத் தெரியுது. உனக்கு மட்டும் கறுப்பாத் தெரியுதுன்னா கோளாறு யாரு கண்ணுல? அவரு சொன்ன மாதிரி செய்யி."

செய்தாள். ஒரு முழம் துணியிலாவது சாம்பிள் போட்டுப் பார்த்துவிடலாம் என்று அன்று சாயங்காலம் கெஞ்சினாள். திருவிழா நெருங்கிவிட்டது, இவ்வளவு பெரிய திரையில் பார்த்து அவரே தலையாட்டிவிட்டார், இதற்குமேல் என்ன சாம்பிள் என்றான் எலோய். காகிதம் முழுவதும் அச்சாகி முடிந்தது. காகிதத்தில் மை எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். சூடு பட்டால்தான் நிறம் எழும். முதல் துணி சூட்டு இயந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் நில்டா எலோயைக் கூப்பிட்டாள். துணி உலர்ந்த ரத்தம்போல இருந்தது. பூக்கள் இருந்த இடமே தெரியவில்லை.

"காகிதம் பூரா அடிச்சாச்சு. இப்ப என்ன பண்ணச் சொல்ற? போடு" என்றான் அவன்.

குழு அந்தத் துணியில்தான் ஆடியது. திருவிழா யாருக்காகவும் காத்திருக்காது. மற்ற குழுக்காரர்கள் தன் குழுவுக்கு 'ஊதாச்சோளக் கூட்டம்' என்று பட்டப்பெயர் வைத்ததை, ஊரிலிருந்து திரும்பிய தோன் தியோஃபிலோ பட்டறை வாசலில் நின்று மாடி முழுதும் கேட்கக் கத்தினார். "எங்க ஆத்தா இருந்திருந்தா அழுதிருப்பா! மாதா முன்னாடி எங்களை எழவு வீட்டுக்காரங்க மாதிரி ஆட வச்சிட்டியேய்யா!"

எலோய் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மன்னிச்சிடுங்க, தோன் தியோஃபிலோ. நானும் நீங்களும் பாத்தது நல்ல நிறம். நீங்களே பாத்தீங்க. நிறம் சேக்கறது இவ. வயசாகுது, இவளுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. நான் கவனிச்சிருக்கணும்."

நில்டா இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். தோன் தியோஃபிலோ அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூடப் போய் இரக்கம் வந்திருந்தது. அதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த சின்ன வேலைகளிலும் தவறுகள் வந்தன. பள்ளிக்கூடச் சட்டையில் பச்சை மஞ்சளடித்தது. ஒரு ரொட்டிக்கடையின் ஏப்ரனில் பழுப்பு செங்கல் நிறமாயிற்று. ஒவ்வொன்றுக்கும் எலோய் பெருமூச்சு விட்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்: "கண்ணு." முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. அதுதான் அவளை அரித்தது. காய்கறிச் சந்தையில் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு, விற்கிறவளிடம், "இது நல்ல சிவப்புதானே?" என்று கேட்டாள். அவள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, படிக்கக் கண்ணாடி போட்டால் போதும், நிறமெல்லாம் சரியாகத்தான் தெரிகிறது என்றார்.

"இலவச ஆஸ்பத்திரி டாக்டர் வேற எப்படிச் சொல்லுவான்" என்றான் எலோய்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் நாற்காலியைவிட்டு எழுந்தாள். தானாகத்தான் எழுந்தாள், யாரும் பிடித்துத் தள்ளவில்லை. இனி சூட்டு இயந்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நிறத்துக்கு ஆள் வைத்துக்கொள் என்றாள். எலோய் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட உட்கார்ந்திருப்பாள். "நல்லது, குண்டு. ரெஸ்ட் எடு" என்றான். அந்த இயந்திரத்தின் பக்கத்தில் யார் ரெஸ்ட் எடுத்தார்கள்? முன்கையில் சூடு பட்டுப் பட்டுத் தழும்பு ஏறியது.

வேலைக்கு வந்தவள் யெசெனியா. முப்பது வயதைத் தாண்டியவள். பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவள். வந்ததும் பையை ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிவப்புத் துண்டைத் திரையில் திறந்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள்.

"தோன் எலோய், இதுல எனக்கு நிறம் பாக்க முடியாது. இது வெளையாட்டுக்குத்தான் ஆகும். எனக்குத் தட்டையா, ஐ.பி.எஸ் பேனல் வேணும். நிமித்தி வைக்கிறதா இருந்தா நல்லது."

இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தபடி நில்டா கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். கண்ணாடி வாங்க வந்தாயா என்று கேட்பான் என்று காத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்கல்ல? சாயங்காலத்துக்குள்ள இருக்கும்" என்றான் எலோய்.

சொன்னபடி வந்துவிட்டது. பெரிய திரையை ஓரமாகத் தள்ளி, புதியதை நடுவில் நிமிர்த்தி வைத்தார்கள். மறுநாள் மத்தியானம், எலோய் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நில்டா கையுறையைக் கழற்றிவிட்டு யெசெனியாவிடம் போனாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, தோன் தியோஃபிலோவின் குழுவுக்குப் போட்ட பாவாடை வடிவத்தை இரண்டு திரையிலும் திறக்கச் சொன்னாள்.

யெசெனியா திறந்தாள். நில்டா நடுவில் நின்று பார்த்தாள். பிறகு வலப்பக்கம், தோன் தியோஃபிலோ உட்கார்ந்த இடத்துக்குப் போனாள். வளைந்த திரையில் அரக்கு வெளுத்து நல்ல சிவப்பாகி, பூக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. புதிய திரையில் எதுவும் நகரவில்லை. உலர்ந்த ரத்தம் உலர்ந்த ரத்தமாகவே இருந்தது.

"இங்கேருந்து பாத்து ஒத்துக்கிட்டாரா?" என்றாள் யெசெனியா. "ஐயோ, செனோரா."

நில்டா எலோயிடம் திரும்பினாள். "வந்து பாரு."

அவன் ஸ்பூனோடு வந்தான். நடுவில் நின்றான், பக்கத்தில் நின்றான். புரிந்துகொண்டான். அவன் முகத்தில் அது தெரிந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா?

"சரி, அதுக்கு இப்ப என்ன?" என்றான்.

"என் கண்ணு நல்லாத்தான் இருந்துது."

"நான் என்ன குருடின்னா சொன்னேன்?"

"கடையில வச்சே சொன்னேன், எலோய். தட்டையா வேணும்னு சொன்னேன்."

"முணுமுணுத்த" என்றான் அவன். "யெசெனியா சொன்னாங்க பாரு, அதுக்குப் பேரு சொல்றது. உனக்கு அவ்வளவு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அடிச்சுப் பேசியிருக்கணும். நீ பேசாம இருந்துட்டு எங்கிட்ட வந்து ஏன் இப்ப கிளறுற? சோறு ஆறுது."

நில்டா இயந்திரத்தை அணைத்தாள். ஆணியில் தொங்கிய கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே யெசெனியா கூப்பிட்டது கேட்டது. எலோய் கூப்பிடவில்லை. மாலைக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான்.

இப்போது இரண்டு கட்டடம் தள்ளி, கீழ்த்தளத்தில் ஒரு விதவையின் பட்டறையில் கூலிக்கு நிறம் சேர்க்கிறாள். வீடு ஒன்றுதான். அவனும் அவளும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், தொழிலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. தெருவில் ஒருமுறை தோன் தியோஃபிலோவைப் பார்த்தாள். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பேனல், பக்கவாட்டு, நாற்காலி என்று அவள் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "போனது போச்சும்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

மூன்றாவது மாடியில் வேறு கதைதான் நடமாடுகிறது. எலோய் வாட்டசாட்டமான ஒருத்தியை வேலைக்கு வைத்தான், பெண்டாட்டிக்குப் பொறுக்கவில்லை, கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்கிறார்கள். பொத்தான் விற்கிற பக்கத்துக் கடைக்காரி அதை நில்டாவிடமே கேட்டாள்: "என்ன கசேரா, அந்தப் பொண்ணாலயா?"

"ஆமா" என்றாள் நில்டா. வாங்கிய பொத்தான்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.