இரண்டாவது சிடி

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது சும்மா பெருமைக்குச் சொல்வது, பாதியிலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது திரையில் இரண்டு கட்டைவிரல்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. படம் பிடித்ததா என்று கேட்கிறதாம்.

"ஏதாவது ஒண்ண அமுக்கும்மா, அடுத்த படம் போடலாம்" என்றாள் மகள்.

"பாதிதானடி பார்த்தேன்."

"அதனால என்னா? யாரு வந்து கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனாலும் விரல் நகரவில்லை. பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு மார்க் போட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டவள் நான். அந்தக் கதையைப் பற்பசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். கல்லூரி முடித்து, உருப்படியான வேலை எதுவும் கிடைக்காமல், செங்கம் ரோட்டில் ஒரு சிடி கடையில் உட்கார்ந்திருந்தேன். வாடகைக்குப் படம் கொடுக்கும் கடை. கீறல் விழுந்து திரும்பி வரும் சிடிகளில் பற்பசையைப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சால் துடைப்பதுதான் என் காலை வேலை. கடை முழுக்கக் கிராம்பு வாசனை அடிக்கும். இன்றைக்கும் பல் துலக்கும்போது அரை நிமிடம் அந்தக் கடைக்குள் போய்வருகிறேன்.

வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வீட்ல வெச்சுப் பாக்கலாமா?" தியேட்டர் இருட்டில் யார் முகமும் யாருக்கும் தெரியாது. வீட்டில் அப்படியா? மாமனார் நாற்காலியில், பிள்ளைகள் தரையில், மருமகள் கதவோரம். ஏடாகூடமாக ஒரு பாட்டு வந்துவிட்டால் ரிமோட்டைத் தேடுவதற்குள் மானம் போய்விடும். பதில் சொல்லி அலுத்துப்போன ஓனர், "நீ படிச்ச பொண்ணு. பாத்துட்டு ரெண்டு வரி எழுதிக் கவர் பின்னாடி ஒட்டிடும்மா" என்றார். நான் விமர்சகி ஆனது அப்படித்தான்.

எழுத எழுதத் திமிர் ஏறியது. மற்ற படங்களைக் கிண்டலடிக்கும் சிரிப்புப் படம் ஒன்றுக்கு, 'சாப்பிடும்போது பார்க்க வேண்டாம், புரையேறும்' என்று எழுதினேன். குடும்பச் சண்டைப் படத்துக்கு, 'மாமியார் ஊருக்குப் போனபின் பார்க்கவும்.' சீட்டைப் படித்துவிட்டு ஜனங்கள் சிரிப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த மாதிரிச் சிரிப்புப் படங்களை விடாமல் எடுத்துப் போனவர் கலாவதி அக்கா. ஆசிரமம் பக்கத்து விடுதி ஒன்றில் வரவேற்பில் இருந்தார். கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்.

"நாலு மாசமா அவர் என்கிட்ட ஒரு வார்த்த பேசலம்மா. சண்டையெல்லாம் இல்ல. சோறு வெச்சா சாப்பிடறார், தட்டக் கழுவி வெச்சிட்டு வண்டிய எடுத்துக்கினு போயிட்றார். சண்ட போட்டாலும் சமாதானம் பண்ணலாம். இத என்னா பண்றது?"

"சிரிப்புப் படம் போட்டீங்களேக்கா?"

"போட்டா உக்கார்றார். சிரிக்கிறார். ஆனா டிவியப் பாத்துதான் சிரிக்கிறார்."

கல்யாணமே ஆகாத எனக்கு என்ன தெரியும்? "புருஷன் பொண்டாட்டி கதையா, நல்லதா முடியிற படமா ஒண்ணு குடும்மா. பேச்சு தானா வரும்" என்றார்.

அப்படி ஒரு படம் கடையில் இருந்தது, எல்லாப் படத்தையும்போல இரண்டு சிடியாக. பேசாமல் வாழும் கணவன் மனைவி. முதல் சிடியின் முடிவில் அவன் காய்ச்சலில் படுக்க, அவள் கஞ்சி ஊட்டுகிறாள்; அவன் அவளை நிமிர்ந்து பார்க்கிறான். அத்தோடு சிடி முடிந்துவிடும். இரண்டாவது சிடி உறைக்குள் இல்லை. அடி அண்ணாமலைக்காரர் ஒருவர் அதைத் தன் வீட்டு பிளேயருக்குள்ளேயே மறந்துவிட்டு வெறும் உறையைத் திருப்பியிருந்தார். எல்லோரும் செய்கிற தப்புதான். போய் வாங்கலாம் என்றால் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், ரோட்டை மூடிவிட்டார்கள். ஓனரோ, "சீட்டு எழுதிட்டியா?" என்று நச்சரித்தார். கஞ்சி ஊட்டியாகிவிட்டது, இனி சேராமல் எங்கே போவார்கள்? எழுதி ஒட்டினேன். மறுநாள் சிடி வந்தது. போட்டுப் பார்க்கக்கூட இல்லை. உறையில் வைத்தேன், அன்று சாயங்காலமே அக்கா கையில் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். உறையை மேசைமேல் வைத்தார்.

"நீ ரெண்டாவது சிடி பாத்தியாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லக்கா."

"காய்ச்சல் தேறினதும் அவன் பொட்டியக் கட்டிக்கினு கிளம்பிட்றான். அவளும் தடுக்கல. அதான் படம்." உறையை என் பக்கம் நகர்த்தினார். "படம் முடிஞ்சதும் இவர் என்னத் திரும்பிப் பாத்தார். ‘இப்படியும் முடிச்சுக்கலாம் போலக்குது’ன்னார். நாலு மாசத்துல என்கிட்ட பேசின மொத வார்த்த அதுதாம்மா."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு சிடியும் உள்ளே இருக்கிறது என்று உறையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.

அந்த மாதமே கணவர் வேனோடு பெங்களூர் போய்விட்டார். அக்கா வேலையை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனதாக விடுதியில் சொன்னார்கள். "சினிமா பாத்து யாரும் போறதில்லம்மா. போறவன் எப்படியும் போவான்" என்றார் ஓனர். ஆறுதல்தான். இருக்கலாம்தான். ஆனால் அதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் திறந்தது என் சீட்டால். இத்தனை வருடம் எப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அந்த இடத்தில் நான் நிற்கிறேன்.

அதன்பிறகு விமர்சனம் எழுதவில்லை. கடை மூடும்போது, "வேணுங்கறத எடுத்துக்கோம்மா" என்றார் ஓனர். அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவந்தேன். இரண்டாவது சிடியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது.

போன ஞாயிறு அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்தபிறகு, எப்படியாவது பார்த்துவிடுவது என்று தோன்றியது. வீட்டில் பிளேயர் இல்லை. தெருவில் யாரிடமும் இல்லை. கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். தேரடிப் பக்கம் டிவி ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் பழைய பிளேயர் கேட்டுப் போனேன். "அந்தப் பொட்டிக்கு லென்ஸே வர்றதில்லீங்க மேடம். படம் பேரு சொல்லுங்க, போன்லயே பாக்கலாம்" என்றார். சொன்னேன். தேடினார். எங்கேயும் இல்லை.

உறையைத் திருப்பிப் பார்த்தார். சீட்டு பழுப்பேறிவிட்டது, மை மட்டும் மங்கவில்லை. "யாரோ நல்லாத்தான் எழுதிக்கிறாங்க மேடம்" என்று எனக்கே படித்துக் காட்டினார்:

'கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கடைசிவரை பார்க்க வேண்டிய படம்.'